தொடையில் கட்டிய அரைத்தாள்

நென்சா நாற்பது வருஷம் புளோரன்ஸில் புத்தகம் தைத்தாள். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தோல்தாளைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், எந்தப் பக்கம் மயிர் இருந்தது, ஆடா கன்றா என்று சொல்லிவிடுவாள். அவளைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு நாளைச் சொன்னால் மீதி தானே விளங்கிவிடும்.

அப்போது ஊரில் படித்தவர்களுக்கெல்லாம் பழம்புத்தகப் பித்து. மடம் மடமாக ஏறி இறங்கினார்கள். பத்திரம் எழுதும் பிந்தோவையும் அது விட்டுவைக்கவில்லை. மலைமடம் ஒன்றில் எலிப்புழுக்கைக்கு நடுவே கிடந்த ரோமானியப் புத்தகத்தை அன்று காலை தைக்கக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு தாளின் கீழ்ப்பாதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"ஆயிரம் வருஷத்துப் பேச்சு, நென்சா. எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு பிரதிதான் இருக்கு. அந்த அரைத்தாள் மட்டும் கெடச்சா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்."

"மடத்துச் சாமியாருங்ககிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. வெட்டித் தாயத்து பண்ணி வித்துட்டாங்களாம். வெக்கமில்லாம சொல்றாங்க."

நென்சாவின் விரல் வெட்டின ஓரத்தில் நின்றுவிட்டது. இரண்டு பூச்சி ஓட்டை, பக்கத்தில் உண்ணி கடித்த தழும்பு பாதி. மீதிப் பாதியை அவள் பார்த்திருக்கிறாள். ஈஸ்டர் கழிந்ததும் ஒரு மலைச்சாமியாருக்குக் கூடை நிறைய முட்டை கொடுத்து, புனித மார்கரெட்டின் பிரசவ செபம் என்று வாங்கி, சிவப்புத் துணிப்பையில் வைத்துத் தைத்ததே அவள்தான். அது இப்போது மகள் மேயாவின் வலது தொடையில் இருந்தது. மேயாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி.

ஏற்கெனவே இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேயா. அந்தப் பையை நம்பித்தான் இந்த முறை தைரியமாக இருந்தாள். அது செபமே இல்லை என்பது அவளைப் பெற்றவளுக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. நென்சா ஊசியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. ஆனால் மேயாவுக்கு உதிரம் நிற்கவில்லை. பிள்ளை வந்த கையோடு மருத்துவச்சி லாப்பா தாயத்தை அவிழ்த்துவிட்டாள், அது வழக்கம். உதிரம் மிஞ்சினால் எழுத்தை ஒயினில் கழுவித் தாய்க்குக் குடிக்கக் கொடுப்பதும் வழக்கம்.

"பையப் பிரி, நென்சா. வெள்ளை ஒயின்ல அலசிக் குடு. சீக்கிரம்."

நென்சா பையைப் பிரித்தாள். பிந்தோவின் முகம் கண்முன் வந்தது. மேயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வருஷத்துப் பேச்சு எக்கேடு கெட்டால் என்ன என்று நென்சா தாளைக் கோப்பையில் முக்கி அலசினாள். அழுத்தித் தேய்த்தாள். ஒயின் தெளிவாகவே இருந்தது. பழைய மை தோலுக்குள் இறங்கிவிட்டது, இனி எதற்கும் வராது. அத்தனை வருஷம் தாளைத் தொட்டவளுக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"கரையலையாம்மா?" மேயாவின் உதடு வெளுத்திருந்தது. "அப்ப இந்தத் தடவையும்..."

"பேசாம கிட, கழுத. கரையுது."

முதுகைத் திருப்பிக்கொண்டு, அடுப்புச் சுவரிலிருந்து விரல் நிறையக் கரியை வழித்துக் கோப்பையில் கலக்கினாள். லாப்பா பார்த்துவிட்டாள். பார்த்தும் பாராதவளாக மேயாவின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தாள். மேயா கறுத்த ஒயினைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

துணி மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது துணி முழுக்க நனையவில்லை. நான்காவதில் கறை மட்டும்தான்.

நென்சா தரையில் உட்கார்ந்து அழுதாள். மார்கரெட்டுக்கு நன்றி சொல்வதா, லாப்பாவின் கைக்கா, அடுப்புக் கரிக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அரைத்தாளை பிந்தோவின் முன் வைத்தாள். அவர் வெட்டின ஓரத்தோடு சேர்த்துப் பார்த்தார். தழும்பு முழுசானது. விரலை வரிமேல் ஓட்டி வாசித்தார்.

"என்னங்கய்யா எழுதியிருக்கு?"

"பன்றிக்குக் கொட்டில் எந்தத் திசைல கட்டணும், எருவ எங்க கொட்டணும்னு."

"பன்றிக் கொட்டிலா?"

"நடை அருமையா இருக்கு, நென்சா."

"இருக்கும், இருக்கும்" என்றாள்.

மகளிடம் அவள் எதையும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் மேயா மறுபடி உண்டானாள். "அந்தத் தாயத்து எங்கம்மா? எனக்கு அதேதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். அரைத்தாளோ நென்சாவின் தையலிலேயே புத்தகத்துக்குள் போய், நகல் மேல் நகலாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

துண்டுத் தோல் ஒன்றையும் பழைய சிவப்புப் பையையும் எடுத்துக்கொண்டு பிந்தோ வீட்டுக்குப் போனாள்.

"அந்தப் பன்றிச் சேதிய இதுல எழுதிக் குடுங்கய்யா. கரியையும் தண்ணியையும் கலந்து எழுதுங்க. ஒயின் பட்டதும் கரையணும்."

நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு பிந்தோ சொன்னார்: "புனித மார்கரெட்டோட செபத்தையே எழுதித் தர்றேனே, நென்சா. நெசமான செபம்."

"வேணாங்கய்யா. எம்பொண்ணு பொழச்சது இதுல."

அவர் இறகுப் பேனாவைச் சீவத் தொடங்கினார்.