சிலந்தியின் மேல் போட்ட பழி

பேத்தியின் கழுத்தில் கொப்புளங்கள். குளியலறை மூலையில் நெட்டைக்கால் சிலந்தி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. விரலால் தொட்டதும், உருவமே தெரியாத வேகத்தில் உடம்பை உதறி ஆடியது.

"இந்தப் பூச்சி மோண்டுதான் பிள்ளைக்கு இப்படி வந்திருக்கு. ஒட்டடை அடிக்கக்கூட உனக்கு நேரமில்லையோ?" என்று மருமகளிடம் கத்தினேன். கத்தியது என் அப்பாவின் குரல்.

சொந்த ஊரான இடைசெவலில், பருத்தி அடைத்த எங்கள் வீட்டு அறையிலும் இதே சிலந்திகள்தான். சிறுவயதில் என் முதுகிலும் இப்படிக் கொப்புளங்கள் வந்தன. சிலந்தியால் வரும் அக்கி, செங்காவியால் எழுதினால் ஆறிவிடும் என்பார்கள். பானை செய்யும் வேளார் வந்து என் முதுகில் சிங்கம் வரைந்தார். காவி சில்லென்றிருந்தது. புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, காவிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். வேற்றாள் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அப்பா அவளிடம் கேட்டார்: "ஏட்டி, சோறு மட்டும் வக்கணையாத் திங்கத் தெரியுதுல்லா? ஒட்டடை அடிக்கத் தெரியலையோ?"

வேளாரின் விரல் என் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. அதன்பிறகு அத்தை ஒருநாளும் மறுசோறு போட்டுக்கொண்டதில்லை.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. "அது நம்மள ஒண்ணும் செய்யாது மாமா, கொசுவத்தான் பிடிச்சுத் திங்கும். பிள்ளைக்கு வந்திருக்கது வைரஸாம். காலையிலேயே டாக்டரம்மாகிட்ட காட்டிட்டேன்."

மதியம் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது நானே சோற்றுச் சட்டியை எடுத்துப்போய், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கம்மா" என்றேன்.

தட்டின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டாள். "போதும் மாமா."