தே தாரிக் குடிக்காத கணினி

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் ஊரிலுள்ள மருந்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மாத்திரை வயிற்றில் கரைந்து எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று கணினியில் கணித்து, அனுமதிக்கு அனுப்பும் கோப்பில் சேர்ப்பேன்.

காலையில் மேனேஜரிடம் சொன்னேன். "பாஸ், இந்த ஆன்டிபயாடிக் பாலோட போனா சரியா ஏறாது. நம்ம ஆளுங்க பால் டீயோட, தே தாரிக்கோடதான் முழுங்குறாங்க. அதையும் போட்டுப் பார்த்துடுவோம்."

"வேணாம்லா. தண்ணி மட்டும் போடு. பால் போட்டா கிராஃப் விழும், அனுமதி கொடுக்குற ஆபீஸ்ல நூறு கேள்வி கேப்பாங்க. படிச்சவன் எவன் தே தாரிக்ல மாத்திரை முழுங்குவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிராஃப் விழக்கூடாதாம், நோயாளி விழலாமாம்!

மதியம் சாப்பாட்டுக் கடையில் அவரே எதிரில் உட்கார்ந்தார். கால் புண்ணுக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பிரித்தார். அதே மருந்து, வேறு கம்பெனி. மேசையில் தண்ணீரும் இருந்தது. அவர் கை தே தாரிக் கிளாஸுக்குத்தான் போனது.

முழுங்கிவிட்டுச் சொல்கிறார்: "நாலு நாளாச்சுலா, புண்ணு ஆறவே மாட்டேங்குது. என்ன மருந்து கொடுக்குறானுங்களோ!"

படித்தவர்களே, நீங்கள் மாத்திரையை எதோடு முழுங்குகிறீர்கள்? உண்மையை மட்டும் கீழே எழுதுங்கள். அப்படியே அவருக்கு அனுப்பி வைக்கிறேன்.