ஒன்றரை பவுலர்

ஆட்டோவிலிருந்து யார் இறங்கினாலும் ஓஸ்வால்ட் முதலில் தோளைத்தான் பார்ப்பார். சீட்டு கிழிந்திருக்கிறதா, ஹூட் ஒழுகுகிறதா என்பதெல்லாம் அப்புறம். இந்த வாரம் ஒரு டிரைவர் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், முழங்காலைத் தொடுகிற கை. ஓஸ்வால்ட் பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பவுலிங் போடுவியாப்பா?"

"சீட்டு தைக்க வந்தேன் சார்."

"தோ பாரு, எவ்ளோ நல்ல கை. மீட்டர் திருப்பறதுக்கே செலவாவுது" என்று முனகிக்கொண்டே ரெக்ஸினை அளந்தார்.

பெங்களூர் பாட்டரி டவுனில், இரண்டு ஆள் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத சந்தில் அவருடைய குஷன் கடை இருக்கிறது. ஆட்டோ சீட்டு, பழைய அம்பாசடர் சீட்டு, எப்போதாவது சினிமாக் கொட்டகை நாற்காலி. நாலாவது வகுப்போடு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு வயது. வாழ்க்கையில் ஒரு பந்துகூட மைதானத்தில் போட்டதில்லை. ஆனால் அவர் பூசைக்குப் போகிற யூதா ததேயு கோயில் பங்கின் கிரிக்கெட் டீமுக்குக் கால் பேடு வார் அறுந்தாலும், கீப்பர் கையுறை பிய்ந்தாலும், கிட் பையின் ஜிப் போனாலும் இந்தக் கடைக்குத்தான் வரும். தைத்துக் கொடுத்துவிட்டு ஓஸ்வால்ட் அவர்களுடைய பவுலரைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்பார்: "டெரன்ஸ் தோள் எப்படிடா இருக்கு?"

அக்டோபர் ஜெபமாலை மாதம். கண்டோன்மென்ட் பக்கத்துப் பங்குகளுக்குள் கோப்பை ஆட்டம் நடக்கிற மாதமும் அதுதான். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் செமி ஃபைனல். எதிரே இருப்பது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து செபஸ்தியார் பங்கு. பேட்டிங் பற்றி ஓஸ்வால்டுக்குக் கவலையே இல்லை. "பேட்டிங் எவன் வேணா பண்ணுவான். புதுப் பந்து எவன் கையில இருக்குதுன்றதுதான் கேள்வி." புதுப் பந்து கொடுக்க இவர்களிடம் இருப்பது இரண்டு பேர். டெரன்ஸுக்குத் தோள்வலி, அவனைப் பாதியாகத்தான் கணக்கு வைக்கிறார். கிளைவ் முழு ஆள்தான். "முதல் ஓவர் தங்கமாப் போடுவான். ரெண்டாவது ஓவர்ல யோசிக்க ஆரம்பிச்சிடுவான். அதான் அவன்கிட்ட வியாதி." ஆக மொத்தம் ஒன்றரை.

செபஸ்தியார் பங்கில் மூன்று பேர். முழுசாக மூன்று. இதை நினைத்தால் ஓஸ்வால்டுக்குச் சோறு இறங்குவதில்லை. ரெக்ஸின் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்டவாளம் தாண்டிப் போய், அவர்கள் பயிற்சி செய்வதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். வந்து சும்மா இருக்க மாட்டார். அவர்கள் கோயில் மணி ஓட்டைச் சத்தம். அவர்கள் திருவிழாத் தேரில் சீரியல் பல்பு அதிகம், பக்தி குறைவு. அவர்கள் பங்கில் கொடுக்கிற பிரியாணியில் ஏலக்காயே கிடையாது.

"மணி அடிச்சா உனக்கு என்னா, அடிக்காட்டி உனக்கு என்னா?" என்று அவர் மனைவி ஜோசஃபின் கேட்டாள். "வயித்தெரிச்சல்னு சொல்லிட்டுப் போயேன். ஈஸியா இருக்கும்."

அவள் சொல்கிறாள் என்றே சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். என்ன நடந்தது என்பதை அவரே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"பொறாமைப் பாவம் பண்ணிட்டேன் ஃபாதர்."

"யார் மேல?"

"செபஸ்தியார் பங்கு ஓப்பனிங் பவுலிங் மேல."

அப்புறம், "பரிகாரமா மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லு. நானும் மூணு சொல்லிக்கிறேன்" என்றாராம் பங்குச் சாமியார்.

செபஸ்தியார் பங்கின் அந்த மூன்று பவுலர்களில் ஒருவன் ஜாய்சன். உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது. அவன் இந்தச் சந்தில் வளர்ந்தவன். அவன் ஓடி வந்து பந்து போடும் தூரத்தைப் பதினெட்டுக் காலடி என்று முதன்முதலில் அளந்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தது ஓஸ்வால்ட்தான். ஜூன் மாதம் வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். ஜாய்சனும் அவன் அம்மா நோராவும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்குப் போனார்கள். பங்குப் பதிவேட்டில் குடும்பத்தின் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆடலாம் என்பது கோப்பையின் சட்டம். பதிவேடு மாறியது. ஜாய்சனும் மாறினான். இப்போது செபஸ்தியார் பங்கின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய பந்தை அவன் பேண்ட்டில் தேய்க்கிறான். வேலிக்கு வெளியே நின்று ஓஸ்வால்ட் காலடிகளை எண்ணிப் பார்த்தார். பதினெட்டுதான். அதை மட்டும் மாற்றவில்லை.

அவர்கள் வீடு மாறிய நாளிலிருந்து நோராவோடு அவர் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தாலும் வெங்காயத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார்.

போன வியாழக்கிழமை கடையைப் பாதி நாளோடு சாத்திவிட்டு விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனார். நோய்ப்பட்ட உறுப்பை மெழுகில் வார்த்து வாங்கிக் காணிக்கையாக வைப்பது வழக்கம். வாசல் கடைகளில் கால், கண், இதயம், குழந்தை எல்லாம் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

"வலது கை ஒண்ணு குடும்மா. தோளோட இருக்கணும்."

"கடைசி ஒண்ணுதான் சார் இருக்குது" என்றாள் கடைக்காரி. "எல்லாரும் வேலை செய்யறது வலது கையில. வலிக்கிறதும் அதுதான். இடது கை எத்தினி கேட்டாலும் தரேன்."

காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின்னால் ஒரு குரல் அதையே கேட்டது. "வலது கை, தோளோட."

நோரா. தலையில் முக்காடு, கையில் இரண்டு மெழுகுவர்த்தி.

"தீந்துபோச்சேம்மா. இடது கை எடுத்துக்கோ. சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். நாம சரியாச் சொல்ல வேணாவா?" என்று நோரா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓஸ்வால்டால் போக முடியவில்லை. "யாருக்கு நோரா?" என்றார். நாலு மாதத்தில் முதல் வார்த்தை.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஜாய்சனுக்குதான் அண்ணா. மூணு வாரமா கையத் தூக்க முடியல. நான்தான் சட்டை மாட்டி விடறேன். டீம்ல சொன்னா உக்கார வச்சிடுவாங்கன்னு வாயே தொறக்க மாட்டேங்கறான்."

அப்படியானால் அவர்களுக்கு இரண்டரை. ஓஸ்வால்டின் மனது கணக்குப் போட்டுவிட்டது. நாக்கில் சர்க்கரை வைத்ததுபோல் இருந்தது. கோயில் வாசலிலே நின்றுகொண்டா இந்தக் கணக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு சிலுவைக் குறி போட்டார். ஆனாலும் இனிப்பு போகவில்லை.

"நெட் ப்ராக்டிஸ்ல எவ்ளோ நேரம் பந்து போடச் சொல்றாங்க?"

"தினம் ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா?" ஓஸ்வால்டின் குரல் உயர்ந்தது. "நான் இவன நாலு ஓவருக்கு மேல போட விட்டிருக்கேனா? அஞ்சாவது ஓவர்னா பந்தப் புடுங்கி வச்சுக்குவேனே. தூக்கிக்கினு போனாங்களே, பாத்துக்கத் தெரியுதா அவங்களுக்கு?"

"அண்ணா, மெதுவா. உங்க பங்குல யாருக்கும் சொல்லிடாதீங்க. ஞாயித்துக்கிழம உங்களோடதான் மேட்ச்."

ஓஸ்வால்ட் காகிதத்தைப் பிரித்தார். அவர் கையின் சூட்டில் மெழுகுக் கட்டைவிரல் லேசாக வளைந்திருந்தது. "வா. ஒரு கைதான் இருக்கு. டெரன்ஸுக்கும் ஜாய்சனுக்கும் இதுலயே சொல்லிடலாம்."

காணிக்கைக்கு அடியில் வைக்கக் கோயிலுக்குள் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். நோயாளி பேரும் பங்கின் பேரும் எழுத வேண்டும். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். டெரன்ஸ், யூதா ததேயு பங்கு. எழுத்து குண்டு குண்டாக, கோணலாக வந்தது.

"கண்ணாடி எடுத்தாரல அண்ணா. இவனுக்கும் நீங்களே எழுதிடுங்க" என்று நோரா இன்னொரு சீட்டை நீட்டினாள்.

ஜாய்சன் என்று எழுதினார். பென்சில் நின்றது. பின்னால் வரிசை நெருக்கியது. நோரா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். ஓஸ்வால்ட் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, பேருக்குக் கீழே அழுத்தமாக எழுதினார்: யூதா ததேயு பங்கு.

சீட்டை நாலாக மடித்து, மெழுகுத் தோளுக்கு அடியில் தள்ளி, அது புரண்டுவிடாமல் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார்.