சாம்பல் பெயிண்ட், இரண்டு கோட்

போன செவ்வாய்க்கிழமை அபுதாபியில் முசஃபா பகுதியில் எங்கள் கம்பெனியின் பழைய யார்டைக் காலி செய்தோம். அந்த இடத்தில் கார் ஷோரூம் வரப்போகிறதாம். ஸ்க்ராப் லாரியோடு வந்த பாகிஸ்தான் பட்டாணியர், ஸ்டோர் கன்டெய்னரின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒன்றரை அடி பைப் துண்டைத் தூக்கிக் காட்டி, "பாய், யே பீ?" என்று கேட்டார். இதையும் போட்டுவிடலாமா என்று அர்த்தம். "மாஃபி, மாஃபி" என்று அரபியில் வேண்டாம் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு துண்டு இரும்புக்காக இப்படி ஓடுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

வாங்கிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பெயிண்ட். ஒரு முனையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிய தடம், அதன்மேல் ஒரு பச்சைக் கோடு. சாம்பல் என் கைவேலை. பச்சைக் கோடு அப்போது ஸ்டோர் பொறுப்பாளராக இருந்த நேசன் போட்டது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை எங்கே இருக்கப்போகிறது? ஆனாலும் எனக்கு வந்தது, சத்தியமாக வந்தது.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன். ஹவில்தார். வேலை ஸ்டோரில். துப்பாக்கியைத் தூக்கிய நேரத்தைவிடக் கம்பளி எண்ணிய நேரம்தான் அதிகம். ஊருக்கு லீவில் வந்தால் என் மீசையைப் பார்த்துவிட்டு, "பார்டர்ல எத்தினி பேரைச் சுட்டீங்க?" என்று ஆர்வமாகக் கேட்பார்கள். பார்டரில் எத்தனை கூடாரம், எத்தனை மண்வெட்டி, எத்தனை ஜோடி சாக்ஸ் இருந்தது என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதை யார் கேட்டார்கள்!

முப்பத்தேழு வயதில் வெளியே வந்தபோது, சிவிலில் ஏதாவது வேலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்தது. வாட்ச்மேன் வேலை. எங்கே போனாலும் அதே வேலை. அபார்ட்மென்ட் வாசல், பாங்க் வாசல், நகைக்கடை வாசல். எல்லோரும் என்னை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ஸ்டோர் இருக்குமே, அதைப் பார்த்துக்கொள்கிறேனே என்றால் சிரித்தார்கள். சென்னையில் ஒரே ஒரு கம்பெனியில் உட்காரவைத்துப் பேசினார்கள். உட்காரவைத்தார்கள் என்றா சொன்னேன்? மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். "உங்க எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்டார் அந்தப் பெண் அதிகாரி. பதினேழு வருஷத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. "நீங்க என்ன சொல்றீங்களோ அது, மேடம்" என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

அப்படித்தான் அபுதாபியிலிருந்து இந்த ஸ்டோர் வேலை வந்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் மனைவி சுமதி விசா பேப்பரைக் கையால்கூடத் தொடவில்லை.

"பதினேழு வருஷம் போன்லயே குடும்பம் நடத்திட்டோம். இன்னும் எத்தினி வருஷம்ங்க?"

"மூணே மாசம். பர்மனென்ட் பண்ணிட்டா ஃபேமிலி விசா எடுத்துடலாம். உன்னையும் பாப்பாவையும் கூட்டிக்கிறேன்."

"பண்ணலைன்னா?"

"அபார்ட்மென்ட் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. என் மகள் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிறந்தநாளில் நான் வீட்டில் இருந்தது இரண்டே தடவைதான். அந்த மூன்று மாதத்தில் எனக்கு எது பெரிது என்று நீங்கள் கேட்டால், அவளோடு ஒரே வீட்டில் இருப்பதுதான்.

அபுதாபியில் தொழிலாளர் கேம்ப் அறையில் ஆறு பேர். நான் நாலரைக்கு எழுந்து, முகம் மழித்து, கம்பளியை ஓரம் பிசகாமல் மடித்து வைப்பேன். கட்டிலுக்கு அடியில் என் கறுப்புத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். பக்கத்துக் கட்டில் ராமநாதபுரத்து வெல்டர் ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார். "அண்ணே, இங்கிட்டு யாரு வந்து பார்க்கப்போறாக?" நல்ல கேள்வி. மறுநாளும் மடித்தேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பாளர் சிவநேசன், எல்லோருக்கும் நேசன், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். என் மூன்று மாதக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். முதல் நாள் கன்டெய்னர் வாசலில் போய் நின்று, இரண்டு குதிகாலையும் சேர்த்து ஓர் அடி அடித்தேன். இரும்புத் தளம் டம் என்று அதிர்ந்தது. "ஹவில்தார்..." என்று தொடங்கிப் பெயரையும் உரத்துச் சொன்னேன். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. தேநீர் சட்டையில் கொட்டியிருந்தது.

"நீங்கள் ஆமியோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம் சார்! பதினேழு வருஷம் சார்!"

"அந்த ரேங்கை இஞ்ச சொல்லாதேங்கோ. சார் எண்டும் கூப்பிடாதேங்கோ. எனக்குப் பேர் இருக்கு."

அதோடு சரி. பிறகு வேலை விஷயம் தவிர ஒரு பேச்சு கிடையாது. எனக்கு உள்ளுக்குள் கோபம். ஊரில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொல்வார்கள். இங்கே ஒருத்தர் வாயைத் திறக்காதே என்கிறாரே! நானும் விடாமல் தினமும் காலையில் வாசலில் வந்து குதிகாலை அடித்தேன். அவரும் தினமும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் நான் வருகிற நேரத்துக்குக் காத்திருந்தார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள்.

இரண்டாவது மாதம் முடிகிற சமயம் பெரிய மேனேஜர் யார்டைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் நேசனுக்குச் சவுதியில் தம்மாம் நகரத்தில் உள்ள கிளைக்கு மூன்று நாள் போக வேண்டியதாகிவிட்டது. கிளம்பும்போது, "யாட்டைக் கொஞ்சம் துப்புரவாக்கி வையுங்கோ" என்றார்.

ஒரு பட்டாளத்துக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் எங்கள் யூனிட்டில் என்ன நடக்கும் தெரியுமா? பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. மரத்துக்கு இடுப்பளவு காவி, அதன்மேல் ஒரு வெள்ளைப் பட்டை. தீயணைக்கிற வாளிக்குச் சிவப்பு. அசையாமல் நிற்கிற எதுவும் தப்பாது. இரண்டு ஹெல்பர்களை வைத்துக்கொண்டு, "யல்லா, ஜல்தி!" என்று தொடங்கினேன். கல் பொறுக்கி வந்து வரிசையாக நட்டு வெள்ளை அடித்தோம். அப்புறம் என் கண் பைப் அடுக்கி வைக்கிற ராக்கின்மேல் விழுந்தது. முந்நூற்றுச் சொச்சம் பைப். நுனியில் ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு வெள்ளை என்று கோடுகோடாக இழுத்திருந்தது. எவனோ சோம்பேறி பிரஷைத் துடைத்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். சாம்பல் பெயிண்ட் டின் நிறைய இருந்தது. இரண்டு நாள் வெயிலில் நின்று, முந்நூற்றுச் சொச்சம் பைப்பும் ஒரே சீராகப் பரேடுக்கு நிற்கிற மாதிரி செய்துவிட்டேன். அன்று மாலை அவற்றைப் பார்த்தபோது எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது.

நேசன் வந்தார். வாசலில் பையை வைத்தார். ராக்கைப் பார்த்தார்.

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும்தான். ரெண்டு கோட்!"

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். பார்வைக்கு எல்லாம் ஒரே இரும்பு; ஆனால் சிலது தண்ணீருக்கு, சிலது கொதிக்கிற நீராவிக்கு. எது எது என்று சொல்வது அந்த வண்ணக் கோடுதான். மாறிப்போனால் அழுத்தத்தில் பைப் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவன் பிழைக்க மாட்டான். அடையாளம் போன பைப்பை எந்த சைட்டிலும் தொட மாட்டார்கள்.

பொய் சொல்வானேன், முதலில் வெடிக்கிற பைப் நினைவுக்கு வரவில்லை. சுமதியின் முகம்தான் வந்தது. அடுத்து அபார்ட்மென்ட் வாசலும் ஸ்டூலும்.

"இப்ப என்ன செய்றது, நேசன்?" முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். சார் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

"ஒரு முனையில நம்பர் குத்தியிருக்கும். சுரண்டினால் தெரியும். மேனேஜர் நாளையண்டைக்குத்தானே வாறார்? வாங்கோ."

இரண்டு நாள் சுரண்டினோம். நான் தின்னர் தடவி கம்பி பிரஷால் தேய்ப்பேன், அவர் நம்பரைப் படித்துப் பட்டியலோடு சரிபார்ப்பார், ஹெல்பர்கள் பைப்பை உருட்டித் தருவார்கள். சரியான கோட்டை அவரே தன் கையால் போடுவார். இரண்டாவது நாள் மத்தியானம், மோர் குடிக்கிற இடைவேளையில், அவர் அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தார்.

"ஆமியில எல்லாத்துக்கும் பெயிண்ட்தானோ?"

"நிலக்கரிக் குவியலுக்கே சுண்ணாம்பு தெளிப்போம். எவனாவது எடுத்தா தெரியும்ல."

நேசன் சிரித்தார். மோர் புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்தவர், குவளையைப் பார்த்தபடி தானாகவே சொன்னார். "ஆமி வருது எண்டால் அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போடுவா. அங்கயிருந்து பார்த்தால் சப்பாத்து மட்டும்தான் தெரியும். எந்த நாட்டு ஆமி எண்டு சப்பாத்தில எழுதியிருக்காது. சத்தமும் ஒண்டுதான்."

அவர் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பூட்ஸ் சத்தத்தை அவர் காதில் போட்டுக்கொண்டிருந்தது நான். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவர் காத்திருந்தது எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. பிரஷை எடுத்துக்கொண்டு அடுத்த பைப்புக்குப் போனேன். மறுநாள் காலை, கன்டெய்னருக்குள் பூனை மாதிரி நுழைந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் கோப்பை இருந்தது. இன்னொரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

பதினொரு பைப்பில் மட்டும் நம்பர் தேய்ந்து படிக்க முடியவில்லை. அவற்றைத் தனியே வைத்துச் சிவப்பு நாடா கட்டினோம். மேனேஜர் வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டார். "என்ட பிழை" என்பதை நேசன் ஆங்கிலத்தில் சொன்னார், கோடுகளைப் பற்றி எனக்குச் சொல்லாமல் போனதால் என்று. அதே நேரத்தில் நானும் "மை மிஸ்டேக், சார்" என்றேன். மேனேஜர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சுரண்டிய முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ராக்கின் முழு நீளமும் நடந்தார். "கலாஸ்" என்றார், விஷயம் முடிந்தது என்று. பிறகு பாதை ஓரத்து வெள்ளைக் கற்களைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். "உங்களுக்காகத்தான், சார்" என்றேன். பாவம், அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த மாதம் நேசன் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சுமதிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அங்க ஆட்டுக்கல்லு கிடைக்குமா, நான் எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டாள். ஐந்தாவது மாதம் இருவரும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் என் மகளைத் தூக்கப் போனேன். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

படிக்க முடியாத அந்தப் பதினொன்றையும் வெட்டி ஸ்க்ராப்பில் போட்டோம். ஒரு துண்டை மட்டும் நேசன் எடுத்து, விளையாட்டாக ஒரு முனையைச் சுரண்டிப் பச்சைக் கோடு போட்டுக் கதவுக்கு முட்டாக வைத்தார். அதைப் பார்த்தாவது நான் புத்தியோடு இருப்பேனாம்.

இப்போது அந்தக் கதவும் இல்லை. ராக் இருந்த இடத்தில் புல்டோசர் ஓடியாயிற்று. வெள்ளைக் கற்கள் எந்தக் குப்பையோடு போயினவோ. நாலரைக்கு எழுகிற பழக்கம் போய்விட்டது. கம்பளி மடிப்பதும் போயிற்று, ஏசியைக் குறை என்று சண்டை போடுவதுதான் மிச்சம். காலேஜுக்குப் போகிற மகள் என்னிடம் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாள். நேசன் கனடாவில் தங்கை வீட்டுக்கு அருகே குடியேறி நாலு வருஷமாகிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவருக்கு போன் போட்டேன். யார்டு போன கதையைச் சொன்னேன். "அந்தத் துண்டு?" என்று பதறினார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், பால்கனிக் கதவுக்கு முட்டாக வைத்திருக்கிறேன் என்றேன்.

"நல்லது. பெயிண்ட் கியிண்ட் அடிச்சுப் போடாதேங்கோ."

"அடிக்க மாட்டேன், நேசன்."

"சரி. அப்ப வைக்கிறன், ஹவில்தார்."

போனை வைத்துவிட்டார். பட்டாளத்தை விட்டு வந்தபின் இத்தனை வருஷத்தில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. முதல் நாள் வேண்டாம் என்ற அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.