படத்தில் இல்லாத தசை

எங்கள் புத்தளத்துக் கரையோர ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், நான் உட்காரும் கதிரைக்கு நேரெதிர்ச் சுவரில், தோலுரித்த மனிதனின் படம் ஒன்று தொங்கியது. முன்பக்கம் ஓர் உருவம், பின்பக்கம் ஓர் உருவம். ஒவ்வொரு தசையிலிருந்தும் ஒரு கோடு. கோட்டின் முடிவில் வாயில் நுழையாத லத்தீன் பெயர். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்களில், படித்த சூடு ஆறுமுன் அங்கே வேலைக்குப் போன நான் முதலில் செய்த காரியம், அந்தப் பெயர்களுக்கு மேல் தமிழ்ப் பெயர்களை எழுதி ஒட்டியதுதான். புயத்தின் முன்னால் இருதலைத் தசை, பின்னால் முத்தலைத் தசை, தோளை மூடியிருப்பது முக்கோணத் தசை, பிடரியிலிருந்து முதுகுக்கு விரிவது சரிவகத் தசை. அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறி எழுதினேன். யாராவது "வடிவா எழுதியிருக்கிறீங்க சேர்" என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். படத்துக்கு மேலே நேரம் பார்க்க ஒரு மணிக்கூடும் இருந்தது.

உப்பளத்துச் சாச்சி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். சொந்தக்காரி அல்ல, அந்த வயதுப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒரு பிள்ளையோடு புத்தளத்துக்கு வந்தவர். இருபது வருடமாக உப்பளத்தில், நீண்ட பிடி வைத்த பலகையால் உப்பை இழுத்துக் கூட்டும் வேலை. வலது தோள் ஒரு மாதமாக வலிக்கிறதாம். "ஊர்ல காணி காடாக் கிடக்கு மகன். போய் வெட்டித் துப்புரவாக்கினாத்தான் வீடு ஒண்டு கட்டலாம். இந்தக் கைய எப்படியாச்சும் சுகமாக்கித் தாங்க" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கறுப்பு அபாயா, அதன்மேல் தோளை மூடிய முந்தானை. நான் ஆண்பிள்ளை, தொட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் அதற்கும் வழி இருந்தது. பக்கத்து அறையில் தாதி ஒருவர், சிங்கள மிஸ்ஸி, இருந்தார். கூப்பிட்டால் திரையை இழுத்துவிட்டு, தோளைத் திறந்து, நான் சொல்கிற இடத்தில் அழுத்திப் பார்த்துச் சொல்லியிருப்பார். பத்து நிமிட வேலை. வெளியே வரிசை நீண்டிருந்தது, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் மிஸ்ஸியைக் கூப்பிடவில்லை. "எங்க வலிக்குது எண்டு படத்தில தொட்டுக் காட்டுங்க சாச்சி" என்றேன்.

அவர் எழுந்து போய், ஒரு விரலால், நான் அழகாக எழுதி ஒட்டியிருந்த முக்கோணத் தசையைத் தொட்டார். கையை உயர்த்தச் சொன்னேன். துணிக்குள்ளே கை கொஞ்சம் எழுந்தது. எழுந்தது கையா, வலி தாங்காமல் தூக்கிய தோளா என்று அந்தத் துணிக்கு மேலால் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள நான் மினக்கெடவும் இல்லை. தசைப் பிடிப்பு என்று எழுதினேன். தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னேன், காலையும் மாலையும். வெட்கமுள்ள பெண்ணுக்கு மரியாதை கொடுத்தேன் என்று மனசுக்குள் எனக்கே ஒரு சபாஷ் வேறு!

ஆறு கிழமை கழித்து வந்தபோது கை முன்னைவிட மோசம். "நீங்க ஒழுங்காச் செய்யல்ல போல" என்று ஏசினேன். "ஒருநாளும் விடல்ல மகன். நோன்பிலயும் செஞ்சன்" என்றார். நான் நம்பவில்லை. 'பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லை' என்று அவருடைய அட்டையில் எழுதினேன், அதையும் அடிமட்டம் வைத்ததுபோல் நேராக.

பிறகு புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அவரைக் கொழும்புக்கு அனுப்பி ஸ்கேன் எடுப்பித்தார். சரிவகத் தசைக்கு அடியில், தோட்பட்டை எலும்பின் மேல், முள்மேல் தசை என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்குவது அதுதான். அதன் நாண் எலும்பிலிருந்து முழுதாக அறுந்திருந்தது. மேலேயுள்ள தசைகளை மட்டும் காட்டும் என் படத்தில் அது இல்லை. அது கிழிந்தால் வலி முக்கோணத் தசையில்தான் தெரியும் என்பது பரீட்சையில் நானே எழுதிப் புள்ளி வாங்கிய விஷயம். ஆரம்பத்தில் பாதிதான் கிழிந்திருக்கும், பாரம் தூக்கியதில் மீதியும் போயிருக்கலாம், இனித் தைத்தும் பிரயோசனமில்லை என்றார்கள். அந்தப் பாரம் என் போத்தல் என்று சாச்சியிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்கேன் துண்டை என்னிடம் காட்ட வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தொழக்குள்ள தக்பீர் சொல்லிக் கையத் தூக்கினா, இந்தக் கை தோள் மட்டுக்கும் எழும்புதில்ல மகன். ஒத்தக் கையத்தான் தூக்கிக் கட்டுறன். தொழுகை கூடுமா?" கூடும் சாச்சி என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அந்த வெள்ளிக்கிழமை அவரை அவசரமாக அனுப்பிவிட்டு நான் ஓடியதும் தொழத்தானே!

பல வருடம் கழித்து, போன பெருநாளுக்கு அடுத்த நாள், மாம்புரிக் கிராமத்தில் மகளோடு இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். மன்னார்க் காணி இன்னமும் காடுதான். இடது கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை எனக்கு. எல்லாவற்றையும் சொன்னேன்: போத்தல், அட்டை, மிஸ்ஸியைக் கூப்பிடாதது. "சாச்சி வெட்கப்படுவீங்க எண்டு நினைச்சன்" என்றும் சொன்னேன். அவ்வளவு சொல்லியும் அந்தப் பொய்யை என்னால் விட முடியவில்லை.

சாச்சி இடது கையால் முந்தானையைச் சரிசெய்தார். "வலியில என்ன வெட்கம் மகன்? மிஸ்ஸியக் கூப்பிடுங்க, கழட்டிக் காட்டுறன் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். நீங்க அந்தப் படத்தப் பாத்துக்கொண்டு இருந்தீங்க. பிறகுதான் கண்டன், பாத்தது மணிக்கூட்ட. பாவம், அவசரமாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

தோலுரித்த மனிதன் இன்றும் என் கதிரைக்கு நேரெதிரில்தான் தொங்குகிறான். நான் ஒட்டிய பெயர்கள் வெயிலில் மங்கிவிட்டன. மணிக்கூட்டைக் கழற்றி என் முதுகுப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டேன். பழைய இடத்தில் அதன் வட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பெண்கள் யாராவது வந்து உட்கார்ந்தால் என் கண் இப்போதும் முதலில் அங்கேதான் போகிறது.