மதகுப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வலங்கைமானிலிருந்து அதுவரை நடந்தே வந்திருந்தேன். வழியில் இரண்டு பேருந்துகள் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தன. நான் கை காட்டவில்லை. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது டிக்கெட்டுக்கு எந்த ஊர்ப் பெயரைச் சொல்வது? தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சின்ன ஸ்க்ரூடிரைவர் செட், நாலு பென்டிரைவ். பத்து மாதம் இருந்த இடத்திலிருந்து எடுத்து வந்தது அவ்வளவுதான்.

இடத்தை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ஹோட்டல், பிறகு நெல் அறுக்கும் மெஷினோடு ஊர் ஊராக. வேலை தீர்ந்தால் கிளம்புவேன், பிடிக்காவிட்டாலும் கிளம்புவேன். அப்போதெல்லாம் மனதில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு அப்படி இல்லை.

அந்தப் பத்து மாதமும் நான் இருந்தது என் கூட்டாளியின் கடையில். அவனை அறுவடை மெஷினில்தான் பழக்கம். எந்த வயல் எப்போது காயும், யார் முதலில் அறுப்பது என்று பேசி மெஷினை அனுப்பும் புரோக்கர் அவன். வலங்கைமானில் சொந்த வீடு, கொஞ்சம் நிலம். மெஷின் வேலை போதும் என்று ஒரு ஜெராக்ஸ் கடை போட்டான். "வா மாப்ள, கடையிலயே படுத்துக்க" என்றான். போனேன்.

அந்தக் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்தது நான்தான். திருப்பூரில் லேபிள் அடிக்கும் இடத்தில் ஒரு மெக்கானிக் தூக்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. விண்டோஸ் போட்டால் டீ குடித்துவிட்டு வரும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் வீடியோ பார்த்து, விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் இருப்பதிலேயே சன்னமான ஒன்றைப் போட்டேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். நாலாம் நாள் ஒரு நிமிஷத்துக்குள் திரை திறந்தது. செத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது.

இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பழைய லேப்டாப் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்தது. பெரும்பாலும் நெல் மூட்டைக்கு மேலே கிடக்கும். பின்பக்கம் கழற்றினால் விசிறி முழுக்க நெல் சுணையும் பதரும் அடைத்திருக்கும். ஒன்றில் எறும்புப் புற்றே இருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்து, சூடு தணிக்கிற புதுப் பசை தடவி, சன்ன லினக்ஸ் போட்டால் படிக்கிற பிள்ளைக்கும் விண்ணப்பம் போடுகிறவருக்கும் போதும். "விண்டோஸ் எங்க?" என்று கேட்பார்கள். "அது இதுக்குக் கனம்மா, தூக்க முடியாது" என்பேன். "எம் மருமவள மாதிரின்னு சொல்லு" என்று ஒரு அம்மா சிரித்தார்.

ஆட்கள் என்னை நம்பியதற்குக் காரணம் இருந்தது. கையை வைப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் படம், கடிதம் எல்லாவற்றையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் அவர்கள் கண்ணெதிரேயே நகல் எடுப்பேன். அந்த டிஸ்கின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, யாருடையது என்று பேனாவால் எழுதுவேன். வேலை முடிந்து திருப்பிப் போட்டுக் கொடுத்து, திறந்து காட்டிய பிறகுதான் நகலை அழிப்பேன். "ஒரு படம் போகாதுங்க" என்று நான் சொன்னால் போகாது.

அப்படித்தான் அந்த விவசாயி வந்தார். எங்கள் கிளை வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்க்காரர். மேலே இருக்கிறவர்கள் வாய்க்காலில் கட்டை போட்டு மறித்துக்கொள்வதால் அவர் ஊர் மதகுக்குத் தண்ணீர் வருவதே இல்லை. இரண்டு குறுவை போயிற்று. அவர் கிட்டத்தட்ட இரண்டு வருஷமாகத் தினம் காலையில் மதகுக்கு எதிரே ஒரே இடத்தில் நின்று, பழைய கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். கேமரா கார்டு சின்னது. நிறைந்ததும் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய லேப்டாப்பில் போட்டுவிட்டு, கார்டைத் துடைத்துவிடுவார். அறுநூறு படத்துக்கு மேல். தாலுகா ஆபீசில் விசாரணைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லேப்டாப் திறக்க மறுத்தது.

"படம் மட்டும் வந்துட்டா போதும் தம்பி. நாப்பது வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுருக்கோம். தண்ணி வரலேன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்?"

அவருடைய டிஸ்க் கிர் கிர் என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மெதுவாக நகல் எடுத்தேன். கடைசிப் படம் வந்த மறுநாள் அந்த டிஸ்க் அடியோடு செத்துவிட்டது. ஆக, படங்கள் இருந்தது என் பிளாஸ்திரி டிஸ்கில் மட்டும்தான். அவர் லேப்டாப்புக்கு வேறொரு டிஸ்க் வாங்கக் கும்பகோணம் போனேன். பழசாகக் கிடைக்க இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது.

திரும்பி வந்து கடையைக் கூட்டும்போது குப்பையில் பிளாஸ்திரி கிடந்தது. சுருண்டிருந்தது. என் எழுத்து.

"மாப்ள, இங்க இருந்த டிஸ்க் எங்கடா?"

"அதுவா? மன்னார்குடி டியூஷன் சென்டருக்கு இருபது லேப்டாப் தரணும்ல. ஒண்ணுக்கு டிஸ்க் குறைஞ்சுச்சு, மாட்டிட்டேன். நேத்து கொண்டுபோய் குடுத்தாச்சு. நீ சொன்ன மாதிரியே எல்லாத்துக்கும் யெஸ் யெஸ்னு அமுக்குனேன், சூப்பரா ஓடுது."

அவனுக்கு இங்கிலீஷ் திரையைப் பார்த்தால் பயம். அதனால் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்: பென்டிரைவைச் செருகு, கேட்கிற கேள்விக்கெல்லாம் யெஸ் கொடுத்துக்கொண்டே போ. அதில் ஒரு கேள்வி, டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழிக்கலாமா என்பது. அதைத் தனியாக நிறுத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் தப்பு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அதுல அந்தக் கடைமடை அண்ணன் படம்டா. பிளாஸ்திரியப் பிச்சப்பவே தெரியல?"

"படம்தானே? காஞ்ச வாய்க்கா எங்கயும் போயிடாது மாப்ள. திரும்ப எடுத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அதே நேரம் அந்த விவசாயியே வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, புதன்கிழமை விசாரணை. ரெடியா?"

கூட்டாளி தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. இவன் அழிச்சுட்டான். தெரியாத வேலையில கை வைக்காதடான்னு ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன். ஒம்பதாவதுகூட முடிக்காத பய. பாவம்னு சேத்துக்கிட்டது என் தப்பு."

அவனே திருத்திச் சொல்வான் என்று நின்றேன். அறுவடைக் காலத்தில் ஒரே தார்ப்பாயில் படுத்தவர்கள் நாங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. திருத்திச் சொல்வான் என்றே நினைத்தேன். அவன் சொல்லவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "உன் மூஞ்சியப் பாத்துத்தானப்பா குடுத்தேன்" என்று என்னிடம் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

"ஏன்டா?" என்று கேட்டேன்.

"கோச்சுக்காத மாப்ள. நான் இந்த ஊர்ல கடை வச்சுருக்கேன். நாளைக்கு அந்த நாப்பது வீட்டுக்காரனும் என் கடைக்கு வரணும். நீ இன்னைக்கு இங்க, நாளைக்கு வேற ஊரு. உனக்கு என்ன ஆயிடப் போவுது?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நீடாமங்கலம் கேட்டில் இன்னும் ரயில் வருவதாக இல்லை. வண்டிகள் வரிசையாக நின்றன. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள் பேருந்து ஜன்னல்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தார்கள். நிழலில் உட்கார்ந்தபோதுதான், மூன்று மணி நேரம் அவனையே நினைத்து நடந்திருக்கிறேன், டிஸ்கைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தெரிந்தது. அழிப்பது என்றால் எதுவும் உடனே அழிந்துவிடாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். படம் அங்கேயே கிடக்கும், அதன் மேல் வேறொன்றை எழுதும்வரை. சன்ன லினக்ஸ் பிடிக்கும் இடம் கொஞ்சம். மீதி டிஸ்கில் மதகு இன்னும் இருக்கலாம். ஆனால் அந்த லேப்டாப்பில் மாணவர்கள் உட்கார்ந்து எதையாவது சேமிக்கச் சேமிக்க, ஒவ்வொரு படமாகப் போய்விடும். அன்று மாலை ஐந்து மணிக்கு முதல் வகுப்பு என்று கூட்டாளியே சொல்லியிருந்தான்.

வரிசையில் மூன்றாவதாக மன்னார்குடிப் பேருந்து நின்றது. ஓடிப்போய் ஏறினேன்.

டியூஷன் சென்டர் பெரிய கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கணவர் மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"லேப்டாப் எல்லாம் தானே செஞ்சதா அவரு சொன்னாரே. கூட ஆள் இருக்குன்னு சொல்லவே இல்லயே?"

இதுவும் புதிதாக இருந்தது. காலையில் தப்பு என்னுடையது, அதற்கு முந்தின நாள் வேலை முழுவதும் அவனுடையது.

"நான்தாங்க செஞ்சேன்."

"ரெண்டு பேரும் வாயாலதான் சொல்றீங்க. மூணாவது மெஷின்ல தமிழ் அடிச்சா கட்டம் கட்டமா வருது. செஞ்ச ஆளுன்னா சரி பண்ணுங்க பாப்போம்."

தமிழ் எழுத்துரு போடுவதை நான் கடைசியில் செய்வேன். நான் கும்பகோணம் போய்விட்டதால் விட்டுப்போயிருந்தது. பென்டிரைவைச் செருகிப் போட்டுக் கொடுத்தேன். அவர் 'ஸ்ரீ' ஒன்றும் 'ஔ' ஒன்றும் அடித்துப் பார்த்தார்.

"சரி. எந்த மெஷின்னு காட்டுங்க."

மற்ற பத்தொன்பதிலும் முந்நூற்று இருபது ஜிபி. ஒன்றில் மட்டும் ஐநூறு, என் டிஸ்கின் அளவு. பன்னிரண்டாவது மேசையில் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அவர் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டார். டிஸ்கில் ஒன்றும் எழுதாதபடி லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, தொலைந்த படங்களைத் தேடும் புரோகிராமை விட்டேன். விடியும்வரை ஆகும் என்று காட்டியது. "வெளியாள இங்க தங்க விட முடியாது. நான் வீட்டுல வச்சு ஓட விடறேன்" என்று அவர் லேப்டாப்பை ஓடுகிறபடியே, ஒயரோடு கீழ்வீட்டுக்குத் தூக்கிப் போனார். நான் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் போனபோது முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள், பெயர் ஒன்றும் இல்லாமல் வெறும் எண்களாக. பல மாதங்களுக்கு முன் நான் நகல் எடுத்துக் கொடுத்து அழித்த யார் யாரோ வீட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் அதில் கலந்து வந்திருந்தன. நடுவில் மதகு. மதகு. மறுபடி மதகு. பெயர் போயிருந்தாலும், எடுத்த தேதி ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் பதிந்திருந்தது. பொறுக்கி எடுத்ததில் நானூற்றுச் சொச்சம் தேறின. இரண்டாவது குறுவை கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. முதல் குறுவையில்தான் நிறைய ஓட்டை.

"தண்ணியே இல்லாத வாய்க்காலுக்கு இத்தனை படமா!" என்றார் அந்த அம்மா. பிறகு என் போனிலிருந்து நம்பரை வாங்கி, தன் போனில் அந்த விவசாயியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். விவரத்தைச் சொன்னார்.

"நெசமாவாம்மா? தேதியோட இருக்கா? நானூறு போதும்மா, போதும். யாரும்மா எடுத்தது?"

"இங்க ஒருத்தர் வந்திருக்காரு. வலங்கைமான் கடையில இருந்தாராமே..."

"அவனா? அம்மா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். அவன் கையில மட்டும் குடுத்து அனுப்பாதீங்க. கடைக்காரத் தம்பி சொல்லிச்சு, வேணும்னே அழிச்சாலும் அழிச்சிருப்பான், மேல்மடைக்காரங்க காசு குடுத்திருப்பாங்கன்னு. நானே வந்து உங்ககிட்ட வாங்கிக்கறேன்."

நான் கிளம்பிய பிறகு கூட்டாளி அவரைத் தேடிப் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அழித்ததைக்கூட விட்டுவிடலாம். என்மேல் போட்டதையும் விட்டுவிடலாம், பயத்தில் சொன்னான் என்று. ஆனால் நான் போன பிறகு, யாரும் கேட்காதபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன மனுஷனைப் பின்னாலேயே தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறானே.

போனை வைத்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லலாமே நீங்க. நான் வேணா மறுபடி போட்டுத் தரவா?"

"வேணாங்க. புதன்கிழமை விசாரணை. அதுவரைக்கும் அவருக்கு வேற யோசனை வேணாம்."

"அதுக்கு அப்புறம்?"

நான் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினேன். அவர் படங்களை அதில் போட்டு, கவரில் வைத்து, மேசை டிராயரைப் பூட்டினார்.

"கூட்டுற அம்மா போன வாரமே நின்னுட்டாங்க. மெஷினப் பாத்துக்கன்னு தனியா ஒரு ஆள் வைக்க எனக்குக் கட்டாது. கூட்டி, தொடச்சு, கேன்ல தண்ணி புடிச்சு வச்சு, இந்த இருபதையும் பாத்துக்கறதுன்னா இருங்க. மதியச் சாப்பாடு வீட்டுலேருந்து வரும். அவரு படம் வாங்க வர்றப்ப நீங்க பின்கட்டுல இருந்துக்கலாம்."

"இருக்கேங்க" என்றேன்.

பத்து மணிக்கு முதல் பிரிவு வரும் என்றார். துடைப்பம் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. கடைசி மேசையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன்.