புறாவுக்காக ஆணியடித்த படம்

போன ஞாயிறு காலை தயாளன் போன் செய்தான்.

"மச்சான், என் முதல் படம் உன்கிட்டதானே கீது?"

"பத்திரமா இருக்குடா" என்றேன். அவனுடைய முதல் குறும்படத்தின் சிடி பீரோவில் இருந்தது.

"அப்ப கேமராவோட வர்றேன். அதை ஷூட் பண்ணணும்."

சிடியை எதற்கு ஷூட் பண்ண வேண்டும்? அப்போதே யோசித்திருக்கலாம்... யோசிக்கவில்லை.

தயாளன் என் பழைய சிநேகிதன். ஓவியன். சினிமாவும் எடுக்கிறான் - ஹீரோ பறந்து அடிக்கிற சினிமா இல்லை. கோவளத்து மீன் ஏலம், லெவல் கிராசிங் என்று சின்னச் சின்னதாக. "நீ ஓவியனா, டைரக்டரா?" என்று கேட்டால், "ரெண்டும் படம்தானே மச்சான்" என்பான். அந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்குத் தாம்பரத்தில் இருவருக்கும் ஒரே அறை. ஆயில் கலர் வாங்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டை வாங்கிவந்து பிளைவுட் பலகையில் வரைவான். ரசம் சாதத்தில்கூட டர்பன்டைன் வாடை வரும். அவனுடைய முதல் கண்காட்சிக்கு வந்தவர்கள் நண்பர்கள் நாங்கள் நாலு பேரும் ஹால் வாட்ச்மேனும். வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்தவர். மின்சார ரயிலில் திரும்பினோம். தாம்பரத்தில் இறங்கியதும், முதன்முதலாக வரைந்த ஏரிப் படத்தை என் கையில் கொடுத்தான்.

சொன்னபடி கேமராவோடு வந்தான். சிடியை நீட்டினேன்.

"இது இல்லடா. பலகையில வரைஞ்சேனே, அந்த ஏரி. மத்ததெல்லாம் வெள்ளத்துல பூட்ச்சு. அது ஒண்ணுதான் பாக்கி. அதை வெச்சுதான் புதுப் படமே."

உங்களிடம் சொல்வதற்கென்ன... இந்தப் பெருங்களத்தூர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்தபோது ஒரே புறாத் தொல்லை. பால்கனிக் கம்பியை அடைக்க ஒரு பலகை தேவைப்பட்டது. கம்பியின் மரச்சட்டத்தில் வைத்து ஆணி அடித்தவன் நானேதான். படம் வெளிப்பக்கம், பலகையின் முதுகு எங்கள் பக்கம்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. பால்கனிக்கு அழைத்துப்போனேன். கம்பிக்கு வெளியே தலையை நீட்டி ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னாடா, சூரியன் மேலயே ஆணி அடிச்சுகீற?"

திட்டியிருந்தால் தேவலை. குறடு கேட்டான். கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

முதல் ஆணியை அசைக்கும்போது எதிர் பிளாக் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல். ரிட்டையரான டீச்சர் ஒருவர். எனக்கு முகம் தெரியும், பேசியதில்லை.

"சார், அதைக் கழட்டப் போறீங்களா?"

"ஏங்க, மேடம்?"

"இல்ல... தினமும் அந்த ஏரியைப் பாத்துக்கிட்டுதான் காபி போடுவேன். அவர் போனப்புறம் காலைல எனக்கு அதுதான் துணை. மழை பெய்ஞ்சா இன்னும் பளிச்னு இருக்கும்."

தயாளன் குறட்டைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அங்க வரலாமா, மேடம்?" என்று கேட்டுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாக்குக்கு ஓடினான். படத்தை அந்த ஜன்னலிலிருந்துதான் எடுத்தான். காபியும் கிடைத்திருக்கிறது.

நான் என் பால்கனியிலேயே நின்றேன். சொந்தக்காரன் நான்தான் - இத்தனை வருஷமும் பார்த்தது பலகையின் முதுகை.